கடலூர், பாண்டி பக்கம் இளைஞர் நாடக விழா நடத்தப் போறீங்களா? பசங்களை எப்போ, எப்படி உள்ள கொண்டுவர்றதுன்னு பாருங்க

முதல் வருஷம் நாங்க நடத்தின விழாவுக்கு 40 பசங்க வந்தாங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல மூணு நாள், எல்லார் கழுத்துலயும் பேட்ஜ், நாற்காலி போட்டாங்க, தண்ணி கேன் தூக்கினாங்க, வந்தவங்களுக்கு டீ கொடுத்தாங்க, நாங்களும் ஆஹா இளைஞர் பங்கேற்புன்னு போட்டோ எடுத்துப் போட்டோம். மூணாவது நாள் ராத்திரி ஜமக்காளத்தை மடிச்சிட்டு இருக்கும்போது ஒரு பிளஸ் ஒன் பொண்ணு என்கிட்ட வந்து, "அக்கா, இந்த நாடகத்தையெல்லாம் யாரு தேர்ந்தெடுத்தாங்க?"ன்னு கேட்டா. நடிக்க சான்ஸ் கேக்கல, யாரு தேர்ந்தெடுத்ததுன்னு கேட்டா. நாங்க அஞ்சு பேரு, எல்லாருமே நாப்பது வயசுக்கு மேலன்னு சொன்னேன். "ஓ"ன்னு சொல்லிட்டு ஜமக்காளத்தோட அந்த முனையைப் பிடிச்சா. அந்த ஓ-வுக்கு அப்புறம்தான் நாங்க வேலை செய்யற விதத்தையே மாத்தினோம், அப்படி மாத்தினதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பசங்களுக்கு வேலை மட்டும் கொடுத்தா அவங்க வேலைக்காரங்களா வருவாங்க, அடுத்த வருஷம் வரமாட்டாங்க. எந்த நாடகம், எவ்வளவு பணம், எந்த வரிசைன்னு முடிவு எடுக்கற இடத்துல உக்கார வெச்சீங்கன்னா விழாவே அவங்களோடதாகும்.

முதல்ல தேதி. இதுலதான் முக்கால்வாசி விழா கோட்டை விடுது. நம்ம ஊர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பாத்தவங்க யாருக்கும் அந்த நேரத்துல பந்தல் போட மனசு வராது. ஜனவரில வெச்சா பிளஸ் டூ பசங்க செய்முறைத் தேர்வு பயத்துல இருப்பாங்க, மார்ச் பொதுத்தேர்வு, மே மாசம் மதியத்துல வெளிய தலைகாட்ட முடியாது. பங்குனில இருந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா சீசன், அப்ப தெருக்கூத்து ஜமாவுல (ஆடற குழுவுல) இருக்கற இளசுங்க யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க, அவங்களுக்கு அதுதான் சாப்பாடு. அதனால நாங்க ஆகஸ்ட் மூணாவது இல்ல நாலாவது வாரம்னு வெச்சிக்கிட்டோம், ஆடி முடிஞ்சிருக்கும், காலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கும். சாயங்கால மழை வரலாம், அதனால கூரை இருக்கற இடமாப் பாருங்க.

ஆகஸ்ட்னு முடிவாச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாடியே எண்ணிக்கிட்டு வரலாம். ஏப்ரல் கடைசில குழு சேக்கணும், மே லீவுல பயிற்சிப் பட்டறை (காலைல 7 மணில இருந்து 10 வரைக்கும் மட்டும், அதுக்கு மேல வெயில்), ஜூன் ஜூலைல சனி ஞாயிறு ஒத்திகை. இதுல ஒரு வசதி இருக்கு, ஜூலை நடுவுல ஆடி மாசம் பொறந்துட்டா கல்யாணம் கிடையாது, அதனால கல்யாண மண்டபமெல்லாம் சும்மா கிடக்கும், மேனேஜரைப் பாத்துப் பேசினா கரண்ட் காசும் கூட்டிப் பெருக்கறவங்களுக்கு ஒரு தொகையும் கொடுத்தாப் போதும்னு விடறவங்க இருக்காங்க. பெரிய ஹால், மேடை, பாத்ரூம், ஃபேன் எல்லாம் இருக்கும். புதுசா நாடகம் போடற பசங்களுக்குக் காசை விட ஒத்திகை பாக்க இடம்தான் பெரிய பிரச்சினை, மொட்டை மாடில பாத்துப் பாத்து பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்கினவங்க அவங்க.

பாண்டி பசங்களையும் கடலூர் பசங்களையும் சேத்து நடத்தறீங்கன்னா இன்னொண்ணு கவனிங்க. நடுவுல 25 கிலோமீட்டர்கூட இல்ல, ஆனா ரெண்டு அரசாங்கம். கடலூர்ல முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ், பாண்டில கல்வித்துறை இயக்குநரகம், ரெண்டுக்கும் தனித்தனி லெட்டர். பாண்டி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிட்டதால பரீட்சை தேதியும் லீவும் இங்க மாதிரி இருக்காது, ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வெச்சிட்டுத்தான் ஒத்திகை நாள் குறிக்கணும்.

இப்ப குழு. 12 பேர் போதும், 16ல இருந்து 25 வயசுக்குள்ள, பாதிக்குப் பாதி பொண்ணுங்க. ஒரே காலேஜ்ல இருந்து 12 பேரை எடுக்காதீங்க, அது ஈசிதான், ஆனா அந்தக் காலேஜ் விழாவா ஆயிடும். ஓ.டி.ல (கடலூர் பழைய டவுன்) இருந்து ரெண்டு, தேவனாம்பட்டினத்துல இருந்து ரெண்டு, சிப்காட் பக்கம், பாகூர், அரியாங்குப்பம், பாண்டி டவுன்னு பரவலா வரணும். பெரியவங்க குழுல உக்காரலாம், ஆனா ஓட்டு ரெண்டே ரெண்டு. பாதுகாப்பு, சட்டம், பணம் இந்த மூணுல மட்டும்தான் பெரியவங்க வேணாம்னு நிறுத்தலாம், ரசனை விஷயத்துல கூடாதுன்னு முதல் கூட்டத்துலயே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க. இதை எழுதாம வாய்ல சொன்னா நடக்காது, நமக்கே தெரியாம நாமதான் முதல்ல மீறுவோம்.

அப்புறம் பணம். மொத்த பட்ஜெட் ஒண்ணரை லட்சம்னா அதுல 20,000 பசங்க கைல கொடுத்துடுங்க, எதுக்கு செலவு பண்றதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும், பில்லு மட்டும் வேணும். ஒரு வருஷம் எங்க குழு அதுல பாதியை தூரத்துல இருந்து வர்ற பசங்களுக்கு பஸ் காசுன்னு ஒதுக்கினாங்க. நாங்க அஞ்சு பெரியவங்களும் எவ்வளவோ பேசியும் எங்களுக்குத் தோணாத விஷயம் அது. தூக்கணாம்பாக்கம் பக்கத்துல இருந்து வர்ற பையனுக்கு ஒத்திகைக்கு ஒவ்வொரு வாரமும் ரெண்டு பஸ் மாறணும், அவன் வீட்ல கேட்டா "என்னத்துக்கு"ன்னு கேப்பாங்க, அதனாலதான் பாதில நின்னுட்டு இருந்திருக்கான். நாங்க ஆர்வம் இல்லன்னு நினைச்சிட்டு இருந்தோம்.

ஆள் தேடறதுக்கு காலேஜ் நோட்டீஸ் போர்டு மட்டும் போதாது. சர்ச்சுல பாஸ்கா நாடகம் (ஏசு பாடுபட்ட கதை) போடறவங்க இருக்காங்க, கூத்து வாத்தியார் வீட்டுப் பசங்க இருக்காங்க, பறை அடிக்கற குழு இருக்கு, ஐடிஐ படிக்கறவன் ரீல்ஸ்ல அஞ்சு குரல்ல பேசிட்டு இருப்பான், ஷார்ட் ஃபிலிம் எடுக்கறேன்னு கேமராவோட சில்வர் பீச்சுல சுத்தறவங்க இருக்காங்க, தையல் தெரிஞ்ச பொண்ணு இருக்கா, எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போற பையன் லைட்டிங் டிசைனரா ஆகலாம். நாடகம்னா நடிப்பு மட்டும்னு நினைக்கறதால நிறைய பேர் நமக்கு இல்லன்னு ஒதுங்கிடறாங்க. ஆடிஷன்னு போடாதீங்க, அந்த வார்த்தையே பாதிப் பேரைத் துரத்திடும். நாங்க அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் இப்படி இருந்துது: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணி. நாடகம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. நடிக்க, பாட, வரைய, தைக்க, லைட் கட்ட, கணக்கு எழுத யாருக்கு ஆசையோ வாங்க. பஸ் காசு நாங்க கொடுக்கறோம். வீட்ல கேட்டா காட்ட லெட்டர் வேணும்னா சொல்லுங்க." அந்தக் கடைசி வரிக்காகவே வந்த பொண்ணுங்க பதினோரு பேர்.

பட்டறைல என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஸ்கிரிப்ட் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் ஆளுக்கு ஒரு பாத்திரம்னு பிரிச்சுக் கொடுக்காதீங்க, அவங்க உடம்புல ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க. தேவனாம்பட்டினத்துல ஒரு ஸ்கூல் வராண்டால நடந்தது சொல்றேன். ஒரு பையன் நாலு நாளா வாயே திறக்கல, தூணுல சாஞ்சிட்டு உக்காந்திருப்பான். அஞ்சாம் நாள் எல்லாரும் அவங்கவங்க வீட்டு வேலை ஒண்ணை பேசாம செஞ்சு காட்டுங்கன்னு சொன்னோம். அவன் எழுந்து வந்து கரைவலை (கரைல நின்னு பல பேர் சேந்து இழுக்கற மீன் வலை) இழுக்கறதைக் காட்டினான். கயிறு எதுவும் இல்ல. குதிகாலை மண்ணுல ஊணற மாதிரி சிமெண்டுல ஊணி, இடுப்பைப் பின்னாடி தள்ளி, தோளைச் சாச்சு, ஒவ்வொரு அடியா பின்னாடி வந்தான், சுவர் வரைக்கும் வந்ததும் கையை விட்டுட்டு நேரா நடந்து முன்னாடி போய் மறுபடியும் கயித்தைப் பிடிச்சான். "ஏன் முன்னாடி போற?"ன்னு ஒரு டவுன் பொண்ணு கேட்டா. "கடைசில நிக்கறவன் விட்டுட்டு தண்ணிகிட்ட போய்ப் பிடிக்கணும், அப்பதான் வலை நிக்காம வரும்"னு சொன்னான். அதுதான் அவன் பேசின முதல் வாக்கியம். அஞ்சு நிமிஷத்துல 15 பேரும் அவன் பின்னாடி வரிசையா நின்னு இழுத்துட்டு இருந்தாங்க, வலை இழுக்கும்போது பாடற அம்பா பாட்டை அவன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடினாங்க. அந்த வருஷ நாடகத்துல காட்சிக்குக் காட்சி மாறறது முழுக்க அந்த இழுவைதான், கடைசில நிக்கறவங்க விட்டுட்டு முன்னாடி வந்தா அடுத்த காட்சி. எந்த டைரக்டரும் அதை யோசிச்சிருக்க முடியாது.

கத்துக்கொடுக்க வெளிய இருந்து ஆள் கூப்பிடறதுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்ல. பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல அந்தக் காலத்துத் தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர்லயே நிகழ்கலைப் பள்ளி இருக்கு, நாடகம் எழுதின இந்திரா பார்த்தசாரதியும் கே.ஏ. குணசேகரனும் வேலை செஞ்ச இடம், அங்க படிச்சிட்டு வெளிய வந்து அடுத்து என்னன்னு தெரியாம நிக்கற இளம் கலைஞர்களைத்தான் நீங்க முதல்ல தேடணும். அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம்னு நுண்கலைக் கல்லூரி இருக்கு. வீணாபாணி சாவ்லா ஆரம்பிச்ச ஆதிசக்தி நாடகக் குழு ஆரோவில் பக்கம் இருக்கு, பாண்டி டவுனுக்குள்ள பழைய சினிமா கொட்டகையையே நாடக இடமா மாத்தின இந்தியநோஸ்ட்ரம் குழு இருக்கு, குழந்தைங்க நாடகம்னா வேலு சரவணன். பசங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போய் ஒரு ஒத்திகையை மூலைல உக்காந்து பாக்க அனுமதி கேளுங்க. நாடகம் பாக்கறதை விட ஒத்திகை பாக்கறது பத்து மடங்கு சொல்லிக்கொடுக்கும், பெரிய நடிகர்களும் ஒரே வரியை இருபது தடவை சொல்றாங்கன்னு பாத்தாலே பசங்களுக்கு பயம் போயிடும்.

சங்கரதாஸ் சுவாமிகள்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். சின்னப் பசங்களை வெச்சு நாடகமான்னு கேக்கறவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்வேன். 1918ல மதுரைல அவர் ஆரம்பிச்ச பால சபைங்கற நாடகக் கம்பெனி முழுக்க பசங்கதான், பின்னாடி பெரிய நாடகக்காரங்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அதுல சேரும்போது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயசு. 1925ல அண்ணன் தம்பிங்க சேந்து சொந்தக் கம்பெனியே ஆரம்பிச்சிட்டாங்க, அப்ப சண்முகத்துக்கு 13 வயசுகூட முடியல. சுவாமிகள் 1922 நவம்பர் 13 பாண்டிலதான் காலமானார், கருவடிக்குப்பத்துல அவர் சமாதி இருக்கு. பட்டறை ஆரம்பிக்கற முதல் நாள் பசங்களை அங்க கூட்டிட்டுப் போங்க, ஒரு பாட்டு பாடிட்டு வாங்க. ஆனா அந்தக் காலத்து பால சபைல பொண்ணுங்களுக்கு இடம் கிடையாது, கட்டுப்பாடும் ரொம்ப கடுமை. அதை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டாம், நாம அதுல இல்லாததைச் சேக்கணும்.

வளரும் கலைஞர்களுக்கு வருவோம். இது பசங்க குழுல இருந்து வேற. 20ல இருந்து 30 வயசு, ஒண்ணு ரெண்டு நாடகம் பண்ணியிருப்பாங்க, பேரு வெளிய தெரியாது. இவங்களுக்கு விழாவுல நாலு இடமாவது ஒதுக்குங்க, 20 நிமிஷம் ரெண்டு, 45 நிமிஷம் ரெண்டு. முழு ஸ்கிரிப்ட் கேக்காதீங்க, ரெண்டு பக்கத்துல என்ன பண்ணப் போறாங்கன்னு எழுத்து, போன்ல எடுத்த அஞ்சு நிமிஷ வீடியோ, அது போதும். எழுத வராதவங்க பேசி வாய்ஸ் மெசேஜா அனுப்பலாம்னு சொல்லுங்க, கூத்துக் கட்டற பசங்க நிறைய பேர் அப்படித்தான் அனுப்பினாங்க. தேர்வு பண்றது இளைஞர் குழு. தேர்வாகாதவங்களுக்கு ஏன்னு நாலு வரி எழுதி அனுப்பணும், இந்த வேலை கஷ்டம், 30 பேருக்கு எழுத ஒரு முழு நாள் ஆகும், ஆனாலும் செய்யுங்க, பதில் வராத விண்ணப்பம் ஒரு ஆளை நாடகத்தை விட்டே அனுப்பிடும்.

சம்பளம் கொடுங்க. "உங்களுக்கு ஒரு பிளாட்ஃபார்ம் கிடைக்குது"ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. தொகை சின்னதா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடணும், நவீன நாடகத்துக்கு ஒண்ணு கூத்துக்கு ஒண்ணுன்னு பாகுபாடு இருக்கக்கூடாது, பாதி முன்பணம், மீதி ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே கைல. செக்கு வரும் வரும்னு மூணு மாசம் அலைய விட்ட ஒரு விழாவுல நான் நடிச்சிருக்கேன், 23 வயசு அப்ப, அந்தப் பணத்துக்காக போன் பண்ணி பண்ணி எனக்கே நான் ஏதோ பிச்சை கேக்கற மாதிரி ஆயிடுச்சு. எங்க விழாவுல யாரையும் அப்படி விடக்கூடாதுன்னு நான் பிடிவாதமா இருக்கறது அதனாலதான்.

ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் அனுபவம் உள்ள ஒருத்தரைத் துணைக்கு வைங்க, ஆனா அவர் ரெண்டே தடவை ஒத்திகை பாக்கணும், கேள்வி மட்டும் கேக்கணும், நாடகத்தை மாத்தி வெக்கக் கூடாது. லைட்டு எல்லாருக்கும் பொதுவா ஒரே செட்டப், அதை முதல்லயே படம் போட்டுக் கொடுத்துடுங்க, கடைசி நேரத்துல எனக்கு நீல லைட்டு வேணும்னு சண்டை வராது.

பாதுகாப்பு விஷயத்துல சமரசமே கிடையாது. 18 வயசுக்குக் கீழ இருக்கற ஒவ்வொருத்தருக்கும் அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட லெட்டர், முடிஞ்சா வீட்டுக்கே ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்க, பாதி வீட்ல காபி குடிச்சிட்டு வரும்போதே சம்மதம் கிடைச்சிடும். ஒத்திகைல எப்பவும் ரெண்டு பெரியவங்க, அதுல ஒருத்தராவது பெண். எந்தப் பிள்ளையும் தனியா ஒரு பெரியவரோட ஒரு ரூம்ல இருக்கக்கூடாது. போக்சோ சட்டம் 2012ல இருந்து இருக்கு, அதுல என்ன இருக்குன்னு குழுல எல்லாருக்கும் ஒரு மணி நேரம் ஒரு வக்கீலைக் கூப்பிட்டுச் சொல்ல வைங்க. ஒத்திகை ஆறரைக்கு முடிஞ்சிடணும். பொண்ணுங்க நம்பர் எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிய வாட்ஸ்அப் குரூப் போடாதீங்க, இதனால எங்களுக்கே ஒரு வருஷம் தொல்லை வந்து ஒரு நல்ல பொண்ணு நின்னுட்டா. உடை மாத்தற இடத்துக்கு கதவும் தாழ்ப்பாளும் இருக்கான்னு விழாவுக்கு முந்தின நாள் நீங்களே போய்ப் பாருங்க, திரைச்சீலை பத்தாது. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, அதனால கடைசி நாடகம் ஒன்பதரைக்கு முடியற மாதிரி போடுங்க, போலீஸ் அனுமதி லெட்டரை ஜெராக்ஸ் எடுத்து சவுண்டு ஆப்பரேட்டர்கிட்டயும் ஒண்ணு கொடுத்து வைங்க.

விழா நாள்ல நான் கெஞ்சிக் கேக்கறது ஒண்ணு, பேச்சைக் குறைங்க. வேற ஒரு இடத்துல பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. கூத்து கட்டற பையன், 17 வயசு இருக்கும், அர்ஜுனன் வேஷம். வாத்தியார் அவனை மல்லாக்கப் படுக்க வெச்சு முகம் எழுதி, புஜக்கட்டை கட்டி, கிரீடம் வெச்சு, கால்ல சலங்கை கட்டி முடிக்கும்போது மணி ஆறு. சிறப்பு விருந்தினர் வர லேட்டு, வந்ததும் பொன்னாடை, வரவேற்பு, வாழ்த்துரை. அவன் மேடைக்குப் பின்னாடி ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னான், உக்காந்தா கட்டின கட்டு கலைஞ்சிடும்னு உக்காரவே இல்ல. வேர்வை அரிதாரத்துல கோடு கோடா இறங்கி கண்ணுக்குள்ள போகுது, கையால துடைக்க முடியாது, தங்கச்சி ஒருத்தி துணி நுனியால ஒத்தி ஒத்தி எடுத்தா. மேடைல ஒருத்தர் இளைஞர்கள்தான் நாளைய தூண்கள்னு பேசிட்டு இருந்தார். கடைசில அவனுக்கு நேரமில்லன்னு 15 நிமிஷம்தான் கொடுத்தாங்க. உங்க விழாவுல நாடகம் முதல்ல, மரியாதை கடைசில, மொத்த பேச்சும் 10 நிமிஷம். வர்ற பெரியவங்ககிட்ட முன்னாடியே பணிவா சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, பசங்களைக் காட்டிச் சொன்னா அவங்களுக்கே புரியும்.

முதல் பரிசு ரெண்டாம் பரிசு வேண்டாம்ங்கறது என் உறுதியான கருத்து. போட்டி வெச்சா மத்த குழு ஆடும்போது பசங்க பாக்கவே மாட்டாங்க, கிரீன் ரூம்ல அவங்க வசனத்தையே மனப்பாடம் பண்ணிட்டு இருப்பாங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொரு நாடகம் முடிஞ்சதும் 15 நிமிஷம் பேச்சு வைங்க, ஒரு இளைஞர் நடத்தட்டும். முதல் கேள்வி "எது உங்க கண்ணுல நின்னுது?" அதுக்கு மட்டும் அஞ்சு பேர் சொல்லணும். நல்லா இருந்துது, இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம் இதெல்லாம் வேண்டாம், பாத்ததைச் சொல்லுங்க. அப்புறம் நடிச்சவங்க பாத்தவங்களைக் கேள்வி கேக்கட்டும். பாண்டில ஒரு தடவை ஒரு பாட்டி எழுந்து "அந்தப் பொண்ணு அழாம இருந்தாளே, அப்பதான் எனக்கு அழுகை வந்துது"ன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு இன்னும் அதைப் பத்திப் பேசறா.

விழா முடிஞ்சதும் ஒரு வாரத்துக்குள்ள வரவு செலவை முழுசா இளைஞர் குழு முன்னாடி வைங்க, எங்க நஷ்டம் எங்க மிச்சம்னு அவங்களுக்குத் தெரியணும். உதவித்தொகை விஷயமும் அப்பவே சொல்லிடுங்க. மத்திய கலாச்சார அமைச்சகத்துல 18ல இருந்து 25 வயசு இளம் கலைஞர்களுக்கு மாசம் 5,000 ரூபாய் ரெண்டு வருஷத்துக்குக் கொடுக்கற திட்டம் இருக்கு, நாடகமும் அதுல வருது. தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்டக் கலை மன்றம் மூலமா 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 19ல இருந்து 35 வரைக்கும் கலை வளர்மணி விருது இருக்கு. விண்ணப்பம் எழுத ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து உக்காருங்க, சான்றிதழ், போட்டோ, நிகழ்ச்சி நோட்டீஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வெக்கச் சொல்லுங்க, இந்த ஃபைல் இல்லாம எத்தனை நல்ல கூத்துக்காரப் பசங்க விடுபட்டுப் போறாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது.

மாசம் ஒரு தடவை நாடகம் சத்தமா வாசிக்கற கூட்டம் வைங்க, டீயும் மசால் வடையும் போதும், எட்டு பேர் வந்தாலும் நடத்துங்க. முதல் கூட்டத்தோட தேதியை மூணாவது நாள் ராத்திரி விளக்கு அணைக்கறதுக்கு முன்னாடி மேடைல இருந்தே ஒரு பையனோ பொண்ணோ சொல்லணும். எங்க ஊர்ல அதைச் சொன்னது அன்னைக்கு ஜமக்காளம் மடிச்ச அந்தப் பொண்ணு, இப்ப அவ காலேஜ் ரெண்டாவது வருஷம், விழாக் கணக்கு நோட்டும் உடைப் பெட்டி சாவியும் அவகிட்டதான் இருக்கு. அடுத்த வருஷம் யாருக்குக் கொடுக்கணும்னு இப்பவே ரெண்டு பேரைப் பாத்து வெச்சிருக்கா.